நூற்றுக்கு நூறு முளைத்த மேட்டுக்காடு

முளைப்பு மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருப்பதே ஐம்பத்தெட்டு வயது வரை கந்தப்பனுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு விதைத்தார், அது பாட்டுக்கு முளைத்தது. இரண்டு பேரையும் மேம்படுத்த ஆள் தேவைப்படுகிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, மக்காச்சோளத்துக்கும் தோன்றவில்லை.

நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே, தார்ச்சாலையை ஒட்டி அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. கிணறு கிடையாது, மழையை நம்பிய புன்செய்க் காடு. ஆடியில் மக்காச்சோளம் போடுவார். கதிர் கோழித் தீவனத்துக்குப் போய்விடும், கதிர் ஒடித்தபின் நிற்கிற தட்டு செவலைக்கு. செவலை என்பது வீட்டில் இருந்த ஒரே கறவை மாடு. அது கறக்கிற பாலைத்தான் அவர் மனைவி சௌந்திரம் காலையும் மாலையும் சொசைட்டியில் ஊற்றினாள். வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பாலில்தான். தட்டு இருந்தால் மாடு நிற்கும், மாடு நின்றால் குடும்பம் நிற்கும். இதைக் கந்தப்பன் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை, கேட்பதற்கும் யாரும் வந்ததில்லை.

விதை வாங்கியது கடைவீதியில் நசுருல்லா பாய் கடையில். விதை ரோஜா நிறத்தில் இருந்தது. பாய் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"கம்பெனியிலயே மருந்து பூசித்தான் வருதுங்கண்ணா. பையைப் பிரிச்சா நேரா மண்ணுக்குத்தான் போகோணும். ஊற வெக்காதீங்க, அலசாதீங்க. ஈரம் இருக்கறப்பப் போட்டீங்கன்னா அஞ்சாம் நாள் தலை காட்டிரும்."

விதையைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் தெரிய வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். பாய் அதைச் சணல் முடிச்சு ஒன்று போடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். வாரியத்துக்கு இதையே சொல்ல நான்கு மாடிக் கட்டிடம் தேவைப்பட்டது.

ஆடி நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் கந்தப்பன் காட்டுக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினார். உருண்டை பிடித்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். நான்காக உடைந்தது. அதுதான் பதம். உருண்டை உடையாவிட்டால் சேறு, உருண்டையே பிடிக்காவிட்டால் புழுதி. நாளைக்கு விதைத்துவிடலாம் என்று திரும்பியபோது, சாலையோரம் ஒரு பைக் வந்து நின்றது.

வந்தவர் காளிதாஸ், வாரியத்தின் கள அலுவலர். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். கையில் இருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே வணக்கம் சொன்னார்.

"உங்க காட்டைச் செயல்விளக்கத் திடலாத் தேர்வு பண்ணியிருக்குதுங்கண்ணா. விஞ்ஞான முறையில தேர்வு."

"எங் காட்டையா? எதுனாலீங்க?"

"தார் ரோட்டுமேல இருக்குது. ஆணையர் கார் சேத்துல சிக்காது. வேப்பமரம் இருக்குது, பந்தல் செலவு மிச்சம்."

மறுநாள் விதை நேர்த்தி விழா. காளிதாஸோடு ஒரு பலகையும் வந்திருந்தது. அதில் பச்சை எழுத்தில், 'முன்னோடி விவசாயி திரு. கந்தப்பன்' என்று இருந்தது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கந்தப்பன் மயங்கிவிட்டார். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர எங்கேயும் அச்சில் பார்க்காத பெயர். அதற்கு முன்னால் 'திரு' வேறு. நீட்டிய தாளில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"வெதையில மருந்து பூசித்தான் வருதுன்னு பாய் சொன்னாருங்களே?" என்று மட்டும் கேட்டார்.

"அது கம்பெனி நேர்த்திங்கண்ணா. இது வாரிய நேர்த்தி."

சௌந்திரம் பலகையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, ஈரம் காயறதுக்குள்ள வெதைச்சுப்போட்டு அப்பறம் பலகை நட்டா ஆகாதுங்களா?" என்றாள். ஆகாது என்றார் காளிதாஸ்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் ஓர் அண்டா வைத்தார்கள். ஆறின சோற்றுக் கஞ்சியில் வாரியம் கொடுத்த பொடியைக் கரைத்து, ரோஜா நிற விதை அத்தனையையும் கொட்டினார்கள். வாரியக் கையேட்டின்படியே விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். ஆனால் கையேட்டுக்கு மேலே போன் ஒன்று இருந்தது. போனுக்குள் ஏழு படிகள். மூன்றாம் படி, 'சிறப்பு விருந்தினர் கலக்குதல்'. அந்தப் படத்தை அந்த இடத்திலேயே நின்று எடுத்து ஏற்றினால்தான் நான்காம் படியான 'உலர்த்துதல்' திறக்கும்.

சிறப்பு விருந்தினரான வாரிய ஆணையர் அன்று வரவில்லை. சேலத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு கூட்டம், அது சாயங்காலம் வரை சிக்கனமில்லாமல் நீண்டுவிட்டது.

"வெதையை எடுத்து உலத்திப் போடட்டுங்களா, சார்?"

"படி மாறிருமுங்கண்ணா. படி மாறுனா மறுபடி மொதல்ல இருந்து வேற வெதை காட்டோணும். வேற வெதை இருக்குதா?"

இல்லை. ஆகவே விதை அண்டாவிலேயே கிடந்தது.

இரண்டாம் நாள் ஆணையர் பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்வையிடப் போய்விட்டார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மண்ணில் இருந்த ஈரம் எம்மாத்திரம்? கந்தப்பன் மத்தியானம் ஒரு பிடி அள்ளினார், உருண்டை பிடிக்கும்போதே விரிந்தது. சாயங்காலம் அள்ளினார், விரலிடுக்கில் ஒழுகியது. அண்டாவுக்குள்ளோ ஈரத்துக்குக் குறைவில்லை. விதைகள் ஊதிப் பெருத்திருந்தன. மூன்றாம் நாள் காலை பார்த்தால், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. புளித்த வாடை வேறு.

"சார், மொளை உட்டிருச்சுங்க! மண்ணோ காஞ்சு கெடக்குது. இந்த மொளையோட புழுதியில போட்டா ஒண்ணு தப்பாதுங்க, அத்தனையும் கருகிப்போயிருமுங்க!" கந்தப்பன் ஒரு விதையை எடுத்து நீட்டினார்.

காளிதாஸ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாண்ணா? வாரியம் கை வெச்சா அண்டாவுலயே மொளைக்குது" என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை மூன்று மணிக்கு ஆணையர் வந்தார். நாற்பது பேர் கூட வந்தார்கள். ஆணையர் மாலையைக் கழற்றி, புதுத் துடுப்பால் அண்டாவை மூன்று சுற்று சுற்றினார். சுற்றிய வேகத்தில் பாதி விதைக்கு முனை ஒடிந்தது. படம் எடுக்கும்போது, பின்னால் வெறும் செம்மண்ணாகத் தெரிகிறது என்று காளிதாஸ் செவலையை ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் கட்டச் சொன்னார். கந்தப்பனைச் சிரிக்கச் சொன்னார். அரசாங்கம் சொன்னதால் அவர் சிரித்தார்.

பிறகு ஆணையர் மைக்கைப் பிடித்தார்.

"விதை என்பது ஓர் அலுவலகக் கோப்பைப் போன்றது. அதை அவசரப்பட்டு மண்ணுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு மேசையிலும் தங்கித்தான் போக வேண்டும். இந்த விதை எனக்காக மூன்று நாள் காத்திருந்தது என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி! முப்பது வருடப் பணியில் நான் கையெழுத்திட்ட எந்தக் கோப்பும் மூன்று நாளில் என்னைப் பார்த்ததில்லை. அந்தக் காலத்து விவசாயி என்ன செய்தான்? மழை பெய்த மறுநாளே ஓடிப்போய் விதைத்தான். மழையின் பேச்சைக் கேட்டானே தவிர, வாரியத்தின் பேச்சைக் கேட்டானா?"

"அப்ப வாரியமே இல்லீங்களே" என்று கந்தப்பன் முணுமுணுத்தார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மண் ஈரம் பார்க்கிற கருவி ஒன்றை ஆணையர் கையாலேயே காட்டில் குத்தினார்கள். முள் அசையவில்லை. இன்னோர் இடத்தில் குத்தினார்கள். அங்கேயும் அசையவில்லை. ஆணையருக்குக் கோபம் வந்துவிட்டது. "பழுதான கருவியை விழாவுக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள்?" என்றார். படிவத்தில் 'மண் ஈரம்: போதுமானது' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்ததால் பெரிய சங்கடம் ஒன்றும் ஏற்படவில்லை.

ஏழு படியும் ஏறி முடிந்து, டிராக்டர் ஓட்டி, விதை மண்ணுக்குள் போனபோது மணி ஐந்து. அதற்குப் பிறகுதான் ராசிபுரத்திலிருந்து பிரியாணி வந்தது. நாற்பது பேரும் சாப்பிட்டுவிட்டு, சாலையோர மூலையில் வைத்திருந்த டிரம்மில் மொண்டு கை கழுவினார்கள். விழாவில் அந்தக் காட்டுக்குக் கிடைத்த தண்ணீர் அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் எதுவும் தலை காட்டவில்லை. ஏழாம் நாள் கந்தப்பன் உழவுச் சால் ஓரமாகக் குத்தவைத்து விரலால் கிளறினார். விதை கிடைத்தது. முனை கருகி, நூலாகச் சுருண்டிருந்தது. பத்தடி தள்ளிக் கிளறினார். அதேதான். முளைக்காமலே செத்திருந்தாலும் பரவாயில்லை. உயிர் வந்த பிறகு, வேர் இறங்குவதற்கு ஈரம் தேடிச் செத்திருக்கிறது. தன் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்பட்டுத்தானே இத்தனையும் என்று நினைத்துக்கொண்டே கிளறிய மண்ணை மூடினார்.

"ஏனுங்க, இங்க வாங்க!" சௌந்திரம் சாலையோர மூலையிலிருந்து கூப்பிட்டாள். கை கழுவிய இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குள், ஏழு பயிர் நின்றது. பச்சைப் பசேலென்று, பிரியாணி எண்ணெய் பட்ட மண்ணில். அவள் எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள். ஏழுதான்.

"ரெண்டு ஏக்கராவுக்கு ஏழு" என்றார் கந்தப்பன்.

"இருக்கட்டுமுங்க. மொளைச்சதைச் சாக உடக்கூடாது."

அன்றிலிருந்து அவள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்து அந்த ஏழுக்கும் ஊற்றினாள். இரண்டு ஏக்கரைப் பறிகொடுத்தவள் பாய் அகலத்தில் விவசாயம் பார்த்தாள். கந்தப்பன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஒரு மழை. தெய்வம் போனால் போகிறதென்று இரண்டாம் தடவை கதவைத் தட்டுகிறது. கந்தப்பன் ஒரு பிடி அள்ளிப் போட்டார், நான்காக உடைந்தது. நசுருல்லா பாய் விதை தர ஒத்துக்கொண்டார். "மக்காச்சோளம் இல்லாட்டியும் தட்டுச்சோளமாச்சும் போட்டுருங்கண்ணா, மாட்டுக்கு ஆகும்" என்றார். டிராக்டருக்குச் சொல்லியாயிற்று. கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று காளிதாஸுக்குப் போன் போட்டார். அவர் செய்த இரண்டாவது தப்பு அது.

"தொடவே கூடாதுங்கண்ணா! மொளைப்புக் கணக்கெடுப்பு முடியற வரைக்கும் காடு வாரியத்துது. நீங்க போட்ட கையெழுத்துல அப்படித்தான் இருக்குது. மீறுனா எந்தத் திட்டத்துலயும் பேர் வராது. மேல செயற்கைக்கோள் பாத்துக்கிட்டே இருக்குதுங்க."

சௌந்திரம் போனைப் பிடுங்கினாள். "மேல இருந்து பாக்கறதுக்குக் காடு வெறுங்காடாக் கெடக்கறது தெரியலையாமா, சாமி?"

"அது படம் மட்டுந்தானுங்க எடுக்கும்" என்றார் காளிதாஸ்.

டிராக்டர் திரும்பிப் போயிற்று. கந்தப்பன் தினமும் போய் ஒரு பிடி அள்ளினார். நான்கு நாளில் இரண்டாவது ஈரமும் காற்றில் போனது. காட்டுப்பன்றிக்குப் பயப்படாத மனிதர் அவர். தாளுக்குப் பயப்பட்டார்.

பதினான்காம் நாள் செய்ய வேண்டிய கணக்கெடுப்புக்கு இருபத்தோராம் நாள் ஜீப்பில் வந்தார்கள். காளிதாஸோடு தனப்பிரியா என்று ஓர் அம்மா. வாரியத்தின் நாற்று வீரிய ஆய்வாளர், நிறையப் படித்தவர், நல்ல மாதிரி. சௌந்திரம் கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டில் வீச வேண்டும். விழுந்த இடத்தில் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஏழு இருந்தால் நூறு சதவீதம்.

முதல் தடவை வீசினார். வெறும் மண். "வீசுனது சரியில்ல" என்றார். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. வெறும் மண். காளிதாஸ் போனில் பூஜ்யம் என்று அடித்துப் பார்த்தார். போன் சிவப்பாகிவிட்டது. 'அறுபது சதவீதத்துக்குக் குறைவான முளைப்பை உள்ளிட இயலாது' என்றது.

"காட்டுல ஒண்ணுமே இல்லீங்கம்மா. இல்லைன்னே எழுதிப் போடுங்க, நான் வேற பொழைப்பைப் பாக்கறேன்" என்றார் கந்தப்பன்.

"அப்படி எழுத எடமில்லைங்கய்யா. முளைக்காத வயல்னு ஒரு வகையே எங்க வாரியத்துல கிடையாது. இருந்தா நாங்க எதுக்கு?" என்றார் தனப்பிரியா. உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

அதற்குள் காளிதாஸ் மூலையில் அந்த ஏழு பயிரைப் பார்த்துவிட்டார். சட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை வீசவில்லை. குனிந்து, ஒரு பயிரும் வெளியே போகாதபடி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக வைத்தார். "ஏழு, மேடம்!" என்று கத்தினார்.

போன் பச்சையானது.

அதோடு முடிந்திருந்தால் சௌந்திரத்துக்கு அந்த ஏழு பயிராவது மிஞ்சியிருக்கும். ஆனால் முளைப்பு வேறு, வீரியம் வேறாம். வீரியத்துக்கு வேரையும் தண்டையும் அளக்க வேண்டும். வேர் மண்ணுக்குள் இருக்கிறது. தனப்பிரியா முட்டிபோட்டு உட்கார்ந்து, சின்னக் கரண்டியால் சுற்றிலும் கிளறி, ஒரு வேர் அறாமல் முதல் பயிரைப் பிடுங்கினார். அவ்வளவு பக்குவமாகப் பயிரைக் கொல்ல எல்லோராலும் முடியாது.

"அய்யோ, ஏனுங்கம்மா புடுங்கறீங்க!"

"வளர்ச்சி எப்படின்னு பார்க்க வேண்டாமா, அம்மா?"

"நட்டு வெச்சு வளத்துனா வளர்ச்சி தெரியாதுங்களா?"

ஏழையும் பிடுங்கி, சௌந்திரம் ஊற்றுவதற்கென்று வைத்திருந்த போசித் தண்ணீரிலேயே அலசி, கட்டம் போட்ட தாளில் வரிசையாகக் கிடத்தினார்கள். வேர் இருபத்திரண்டு சென்டிமீட்டர், தண்டு இருபத்தெட்டு. கூட்டினால் ஐம்பது. அதை முளைப்பு சதவீதமான நூறால் பெருக்கினார்கள். "ஐயாயிரம்!" என்றார் தனப்பிரியா. அவர் கண் கலங்கிவிட்டது. "இந்த மண்டலத்துல ஐயாயிரத்தைத் தொட்ட முதல் வயல் உங்களோடதுங்கய்யா."

"ஐயாயிரம்னா என்னங்கம்மா? கதிருங்களா, தட்டுங்களா?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"எண்ணுங்கம்மா. வெறும் எண்."

உலர்ந்த எடையும் பார்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்க அடுப்பில் வைப்போம் என்று சொல்லி, ஏழையும் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். கந்தப்பன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இனியாச்சும் உழுது வேற ஏதாச்சும் போடலாங்களா, சார்?"

காளிதாஸ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நூத்துக்கு நூறு மொளைச்ச காட்டை யாராச்சும் உழுவாங்களாண்ணா? அறுவடைக் கணக்கெடுப்பு இருக்குதுங்க."

ஜீப் போனதும் சௌந்திரம் அந்த ஏழு குழியையும் காலால் மூடினாள். அன்றைக்கு அவள் காட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அந்த வருடம் புரட்டாசியும் பொய்த்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் காடு கருகியது. அரசாங்கம் இரக்கப்பட்டு, பயிர் பாதிக்குக் கீழே போனவர்களின் மாடுகளுக்கு வைக்கோல் கொடுத்தது. கந்தப்பனும் வரிசையில் நின்றார். பட்டியலில் அவர் பெயர் வேறொரு பக்கத்தில், தனியாக, பூ வரைந்த கட்டத்துக்குள் இருந்தது. கொடுத்த ஆள் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார். வைக்கோல் மட்டும் தரவில்லை.

ஐப்பசியில் செவலையின் விலா எலும்பை எண்ண முடிந்தது. பால் வற்றிக்கொண்டே போனது. இனி வைத்திருந்தால் மாடே போய்விடும் என்று ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை கந்தப்பன் அதைப் புதன்சந்தை என்ற ஊரின் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போனார். ஊர்ப் பெயரில்தான் புதன், சந்தை கூடுவது செவ்வாயில். சௌந்திரம் அதன் நெற்றிக்கு மஞ்சள் பூசி, கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்தை வாசலிலேயே வாரியத்தின் கண்காட்சிப் பந்தல். பந்தலுக்கு மேலே பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர். பேனரில் கந்தப்பன். சுற்றிலும் ஆள் உயர மக்காச்சோளம், எந்த ஊரில் எடுத்ததோ, ஒட்டியிருந்தார்கள். 'முளைப்பு 100! வீரியம் 5000! வரும் ஆடியில் எல்லா ஊர்களிலும்!'

தரகர் ஒருவர் வந்தார். மாட்டைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, மடியைத் தடவினார். பிறகு சந்தை வழக்கப்படி துண்டைப் போட்டு, அதற்குள் கந்தப்பனின் கையைப் பிடித்தார். விரல் கணக்கில்தான் விலை, ஒரு விரலுக்குப் பத்தாயிரம். நான்கு விரலைப் பிடித்தார். கந்தப்பனுக்கு மூச்சு வந்தது. நான்கென்றால் பரவாயில்லை. ஆடி வரை தாக்குப்பிடித்துவிடலாம்.

அப்போதுதான் தரகர் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். கந்தப்பனைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார்.

"அது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. ஆனா அத்தனையும் பொய்யிங்க. எங் காட்டுல ஒண்ணுமே மொளைக்கலீங்க."

"ஊட்டுல தட்டு மலையாட்டக் குமிஞ்சு கெடக்கறவன், கறவை மாட்டை எதுக்குங்க ஓட்டியாரான்? மாடு எளைச்சது தீனி இல்லாம இல்ல. உள்ளுக்குள்ள என்னமோ சீக்கு இருக்குது."

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க சாமி! தீனிதானுங்க இல்ல! எம் பொண்டாட்டி மேல சத்தியமுங்க!"

"நூத்துக்கு நூறுன்னு கவர்மெண்டே எழுதி வெச்சிருக்குது. கவர்மெண்டு பொய் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

துண்டுக்குள் இரண்டு விரல் விலகியது. பக்கத்தில் நின்ற வேறு தரகர்களும் பேனரைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். மீதி இரண்டு விரலையும் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில், கந்தப்பன் அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

வழக்கப்படி கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மாட்டைக் கொடுத்தார். செவலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் புதுக் கயிற்றோடு போயிற்று. கந்தப்பன் பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். தலையைக் குனிந்து போய்விடத்தான் நினைத்தார், முடியவில்லை, நிமிர்ந்து பார்த்தார். பேனரில் இருந்த கந்தப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், செவலை கட்டியிருந்தது.